சீரியலும் ரியாலிட்டி ஷோவும்: கடைக்கு வருகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருச்சி உறையூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். வீட்டின் முன்னறைதான் கடை. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் மெஷினில் உட்கார மாட்டேன். அந்தச் சத்தத்தில் டிவி கேட்காது. அப்போது கைவேலைதான். ஹெம்மிங், ஊக்கு வைப்பது, புடவைக்கு ஃபால்ஸ் தைப்பது. பக்கத்தில் அத்தை உட்கார்ந்திருப்பார், என் கணவரின் அம்மா. பிளவுஸ் வாங்க வருகிறவர்கள் அப்படியே நின்று ஒரு எபிசோட் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

அக்கா, இருக்கிற சீரியலில் ஒன்றே ஒன்று பார்க்கலாம் என்றால் எது?

விஜய் டிவியில் வரும் ‘சிறகடிக்க ஆசை’. 2023 ஜனவரியில் ஆரம்பித்தது. முத்து வாடகைக் கார் ஓட்டுகிறவர், மீனா பூ கட்டி விற்கிறவர். வெற்றி வசந்தும் கோமதி பிரியாவும் நடிக்கிறார்கள்.

எனக்கு ஏன் பிடிக்கும் என்றால், அந்த வீட்டில் பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று தெரியும். நிறைய சீரியலில் கம்பெனி, ஃபேக்டரி என்பார்கள். ஆனால் அங்கே யாரும் வேலை பார்த்து நாம் பார்த்திருக்க மாட்டோம். இதில் முத்துவுக்கு சவாரி வராத நாளும் உண்டு. மீனா பூ தொடுத்துக்கொண்டேதான் பேசுவார். மண்டப அலங்கார ஆர்டர் கிடைக்கிறதா, அதில் கையில் எவ்வளவு நிற்கும் என்று கணக்குப் போடுவார். ‘பூக் கட்டுறவதானே’ என்று மாமியார் விஜயா குத்திக்காட்டும்போது நமக்குச் சுருக்கென்று இருக்கிறது என்றால், அந்த வேலையை நாம் தினமும் கண்ணால் பார்த்திருக்கிறோம் என்பதால்தான். முத்துவின் அப்பா அண்ணாமலையாக வரும் ஆர். சுந்தர்ராஜன் சத்தம் போட்டு நடிப்பதே இல்லை. ரிட்டயர்டு அப்பா ஒருவர் நம் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும்.

குறையும் இருக்கிறது. ரோகிணி தன்னை மலேசியப் பணக்காரரின் மகள் என்று சொல்லி முத்துவின் அண்ணன் மனோஜைக் கல்யாணம் செய்துகொண்டவர். தனக்கு முன்பே ஒரு பையன் இருப்பதை மறைத்தவர். இந்த ஒரு ரகசியத்தை வைத்தே இரண்டு வருடத்துக்கு மேல் ஓட்டினார்கள். உண்மை தெரிந்த ஆள் வாசல்வரை வருவார், அப்போது போன் அடிக்கும், அவர் திரும்பிப் போய்விடுவார். இதை நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன் என்று சொல்லி முடியாது. அந்த டிராக் ஓடும் வாரத்தில் எனக்கு ஊக்கு வேலை வேகமாக முடியும். அரை மணி நேரத்தில் இரண்டு பிளவுஸுக்கு வைத்துவிடுவேன். முத்துவும் மீனாவும் மொட்டை மாடியில் உட்கார்ந்து பேசும் எபிசோடில் ஊசி நூலோடு மடியில் அப்படியே கிடக்கும். எது நல்ல எபிசோட் என்பதற்கு எனக்கு வேறு அளவு தெரியாது.

எதிர்நீச்சல் முதல் பாகம் மாதிரி இரண்டாம் பாகம் இல்லையே, ஏன்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

சன் டிவியில் 2022 பிப்ரவரியில் ‘எதிர்நீச்சல்’ தொடங்கியபோது கதை ஒரே வரிதான். படித்த பெண்களாகப் பார்த்து மருமகள்களாகக் கொண்டுவந்து, அவர்களை அடுப்படியில் பூட்டி வைக்கிற வீடு. ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, கடைசியாக வந்த ஜனனி. ரேணுகாவுக்கு பரதநாட்டியம் தெரியும், நந்தினிக்குக் கைப்பக்குவம் உண்டு. ஆனால் அதை வைத்து ஒரு ரூபாய்கூடச் சம்பாதிக்கக் கூடாது. இதைப் பார்த்துக்கொண்டே என் கடையில் ஒரு அம்மா, ‘நானும் டீச்சர் ட்ரெய்னிங் முடிச்சவதான்’ என்று மெதுவாகச் சொன்னார். ஐந்து வருடமாக என்னிடம் துணி தைக்கிறவர். அன்றைக்குத்தான் எனக்கே தெரியும்.

பிறகு மாரிமுத்து. அந்த வீட்டை ஆட்டிவைக்கும் மூத்த அண்ணன் ஆதி குணசேகரனாக அவர் நடித்ததை வில்லத்தனம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அப்படிப்பட்ட மனிதர்கள் நம் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளுவது, பதில் சொல்லாமல் மீசையைத் தடவுவது, ‘ஏம்மா ஏய்’ என்று ஒரே வார்த்தையில் எதிரே நிற்கிறவர்களை உட்கார வைப்பது. அவர் இயக்குநராகவும் இருந்தவர், ‘கண்ணும் கண்ணும்’, ‘புலிவால்’ படங்களை எடுத்தவர். ஒரு வசனத்தில் எங்கே நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 2023 செப்டம்பர் 8, வெள்ளிக்கிழமை காலை, இந்த சீரியலுக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோதுதான் நெஞ்சு வலி வந்து இறந்துபோனார். அன்று சாயங்காலம் கடைக்கு வந்த யாரும் பிளவுஸைப் பற்றிப் பேசவில்லை. ‘அந்த ஆளைத் தினமும் திட்டினேனே’ என்று அத்தை அழுதார்.

கதையில் குணசேகரன் வீட்டை விட்டுப் போய்விட்டதாகக் காட்டிவிட்டு, சில வாரம் கழித்து எழுத்தாளரும் நடிகருமான வேல ராமமூர்த்தியைக் கொண்டுவந்தார்கள். அவர் நல்ல நடிகர். ஆனால் அவருடைய கோபம் வேறு மாதிரி. முன்னவர் சிரித்துக்கொண்டே பயமுறுத்துவார், இவர் முறைத்துப் பயமுறுத்துவார். எழுத்து அதற்கேற்ப மாறியிருக்க வேண்டும், மாறவில்லை. முதல் பாகம் 2024 ஜூனில் முடிந்தது, ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ அதே வருடம் டிசம்பர் 23 அன்று வந்தது. ஜனனியாக மதுமிதாவுக்குப் பதில் பார்வதி வந்தார்; அது எனக்குப் பெரிய இடைஞ்சலாக இல்லை.

குணசேகரனின் மகன் தர்ஷனின் கல்யாணம்தான் இடைஞ்சல். கடத்தல், தேடல், மண்டபம் என்று மாதக்கணக்கில் ஒரே கல்யாணம். நான்கு பெண்கள் என்ன வேலை செய்து, எப்படித் தங்கள் காலில் நிற்கப் போகிறார்கள் என்று பார்க்கத்தான் நாங்கள் உட்கார்ந்தோம். அந்தப் பெண்கள் மாதக்கணக்கில் ஒரு பையனுக்குக் காவல் நின்றார்கள். திருச்செல்வம் நன்றாக எழுதக்கூடிய இயக்குநர் என்பதால்தான் எனக்கு இவ்வளவு வருத்தம். வேறு சீரியலாக இருந்தால் சேனலை மாற்றிவிட்டுப் போயிருப்பேன்.

ஆள் மாறினால் உங்களால் எப்படிப் பார்க்க முடிகிறது?

இரண்டு வாரம் கஷ்டமாக இருக்கும், அப்புறம் சரியாகிவிடும். முகத்தைவிடக் கதாபாத்திரம் நடந்துகொள்ளும் விதம்தான் முக்கியம். ஆனால் எல்லா மாற்றமும் ஒன்றல்ல. ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ முல்லையாக நடித்த சித்ரா 2020 டிசம்பர் 9 அன்று இறந்த பிறகு காவ்யா அறிவுமணி வந்தார். வந்த பெண்ணை என்ன குறை சொல்ல முடியும்? அந்த இடத்தில் யார் நின்றிருந்தாலும் நமக்கு வேறொரு முகம்தான் தெரிந்திருக்கும். அந்த நாட்களில் அவரைத் திட்டியவர்களிடம் நான் சண்டையே போட்டிருக்கிறேன்.

ஏன் எல்லா சீரியலையும் இப்படி இழுக்கிறார்கள்?

எழுதுகிறவர்களுக்குத் தெரியாமல் நடக்கும் தவறு இல்லை இது. கணக்குப் போட்டுப் பாருங்கள். அரை மணி ஸ்லாட்டில் விளம்பரம் போக சுமார் 22 நிமிடம்தான் கதை. வாரத்துக்கு ஆறு நாள், வருடத்துக்கு 300 எபிசோட் என்று வைத்துக்கொண்டால் 110 மணி நேரக் கதை வேண்டும். இரண்டரை மணி நேரப் படம் 44 எடுப்பதற்குச் சமம். ஒரு வீட்டையும் பத்துப் பேரையும் வைத்துக்கொண்டு வருடத்துக்கு 44 படம் எழுது என்றால் யாராக இருந்தாலும் ரகசியத்தைத்தான் தேடிப் போவார்கள். மறைத்து வைத்த ஒரு விஷயம் நூறு எபிசோடுக்குச் சோறு போடும்.

டிஆர்பியும் இருக்கிறது. பார்க் என்ற அமைப்பு நாடு முழுக்க ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் மீட்டர் வைத்திருக்கிறது. அந்த வீட்டில் ஒவ்வொருவருக்கும் ரிமோட்டில் தனி பட்டன். யார் டிவி முன்னால் உட்கார்ந்தாலும் அவரவர் பட்டனை அழுத்த வேண்டும். அதிலிருந்து வாராவாரம் வியாழக்கிழமை கணக்கு வெளிவரும். ஒரு டிராக்குக்குப் பாயிண்ட் ஏறினால் அதை முடிக்க யாருக்கும் மனசு வராது. கல்யாண டிராக் ஏறும், இரண்டு சீரியலைச் சேர்த்துப் போடும் மகா சங்கமம் ஏறும். மீனா பூ கட்டும் காட்சிக்குப் பாயிண்ட் ஏறுகிறதா என்று தனியாக யாரும் பார்ப்பதாக எனக்குத் தெரியவில்லை. அதைப் பார்க்கத்தான் நாங்கள் இருக்கிறோம் என்று ஒருவர் போய்ச் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகும் என் எதிர்பார்ப்பு குறையவில்லை. தினமும் வருகிற வாடிக்கையாளருக்குத் துணியை அரைகுறையாகத் தைத்துக் கொடுத்துவிட்டு, ‘வேலை அதிகம்’ என்று நான் சொன்னால் அவர் திரும்பி வருவாரா?

பழைய சீரியல்தானே நன்றாக இருந்தது?

எல்லாம் இல்லை. ‘கோலங்கள்’ 2003 முதல் 2009 வரை ஓடியது, 1,500 எபிசோடைத் தாண்டியது. அதில் இழுவை இல்லை என்று யாராவது சொன்னால் அவர்கள் கடைசி இரண்டு வருடத்தைப் பார்க்கவில்லை. ஆனால் தேவயானியின் அபி வீடு கட்டும் தொழிலில் இருந்தார், எதிரியோடு தொழிலில் மோதினார். அது அப்போது எங்களுக்குப் புதிது.

‘மெட்டி ஒலி’ வேறு. 2002 முதல் 2005 வரை வந்தது. ஐந்து பெண்களைப் பெற்ற சிதம்பரம், அவர்களைக் கட்டிக்கொடுத்த வீடுகளில் நடப்பது, அவ்வளவுதான் கதை. 2020 ஊரடங்கில் ஷூட்டிங் நின்று அதை மறுபடி போட்டபோது உட்கார்ந்து பார்த்தேன். பெண் வீட்டுக்காரர் சம்பந்தி வீட்டில் நாற்காலியின் நுனியில் உட்காருவார், முழுதாகச் சாய்ந்து உட்கார மாட்டார். டெல்லி குமார் அதை வசனமே இல்லாமல் செய்திருப்பார். என் அப்பா என் கல்யாணத்துக்குப் பிறகு இதே வீட்டில் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார். பின்னணி இசையை மூன்று முறை அடித்து, மூன்று முகத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டும் வழக்கம் அதில் குறைவு.

பாக்கியலட்சுமியை ஏன் பாதியில் விட்டீர்கள்?

முதல் இரண்டு வருடம் ஒரு நாள் விடவில்லை. மாமியார் பெயரையே வைத்து ‘ஈஸ்வரி மசாலா’ ஆரம்பிக்கும் அந்தப் பெண்ணை யாருக்குத்தான் பிடிக்காது? சுசித்ரா அந்தப் பயத்தையும் பிடிவாதத்தையும் சேர்த்தே காட்டினார். வங்காள மொழியில் வந்த ‘ஸ்ரீமோயி’யின் தழுவல்தான் என்றாலும் நம் ஊர் சமையலறையாகவே இருந்தது. விவாகரத்துக்குப் பிறகும் முன்னாள் கணவர் கோபி அதே வீட்டுக்குள் வந்து, இரண்டாவது மனைவி ராதிகாவையும் அழைத்து வந்து உட்கார்ந்தபோது எனக்கு விட்டுப்போயிற்று. இத்தனை பாடுபட்டு ஒரு பெண் வெளியே வந்தால், அவள் சம்பாதித்து வாங்கிய நிம்மதியில் கொஞ்ச நாளாவது அவளை விட வேண்டாமா? 2025 ஆகஸ்டில் முடிந்தபோது கடைசி வாரம் மட்டும் அத்தைக்காகப் பார்த்தேன்.

பிக்பாஸ் பார்க்கலாமா?

பெரியவர்கள் பார்க்கலாம். பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க நான் சொல்ல மாட்டேன். வாரத்தில் பாதி நாள் ஒருவர் முதுகுக்குப் பின்னால் இன்னொருவர் பேசுவதுதான். அதைப் பிள்ளைகள் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

2017இல் முதல் சீசன் வந்தபோது அது என்ன நிகழ்ச்சி என்றே உள்ளே போனவர்களுக்குச் சரியாகத் தெரியாது. அதனால்தான் ஓவியா நடிக்காமல் இயல்பாக இருக்க முடிந்தது. இப்போது போகிறவர்கள் எட்டு சீசன் பார்த்துப் படித்துவிட்டுப் போகிறார்கள். எப்போது அழ வேண்டும், எந்தக் கேமராவைப் பார்த்துப் பேச வேண்டும் என்பதுவரை தெரிந்திருக்கிறது. 2025 அக்டோபரில் தொடங்கிய ஒன்பதாவது சீசனில் சமூக ஊடகப் பிரபலங்கள் நிறையப் பேர். அவர்கள் வெளியே செய்ததையே உள்ளேயும் செய்தார்கள், சத்தம்தான் மிஞ்சியது.

என் மனதில் நிற்பது எட்டாவது சீசனின் பணப்பெட்டி டாஸ்க். வழக்கமாகப் பெட்டியை எடுத்தவர் அப்படியே வெளியேறிவிடுவார். அந்தத் தடவை வாசலுக்கு வெளியே ஓடிப்போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு குறித்த நேரத்துக்குள் திரும்பி வந்தால் ஆட்டத்தில் இருக்கலாம் என்று வைத்தார்கள். ஏறக்குறைய ஒவ்வொரு வாரமும் நாமினேஷனில் இருந்து தப்பித்து வந்த ஜாக்குலின் ஓடினார். சில விநாடி தாமதத்தில் கதவு மூடிவிட்டது, அவர் வெளியேற வேண்டியதாயிற்று. அத்தனை வாரம் ஓட்டுப் போட்டுக் காப்பாற்றியவர்கள் ஒன்றும் செய்ய முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். என் ஊசி கீழே விழுந்து, மறுநாள் காலை பெருக்கும்போதுதான் கிடைத்தது. அந்த சீசனை முத்துக்குமரன் ஜெயித்தார். நல்ல தமிழில் தெளிவாகப் பேசி, ஒவ்வொரு டாஸ்க்கையும் வேலையாக நினைத்துச் செய்தவர். எனக்கு அதில் முழு சந்தோஷம்.

பிக்பாஸ் நடத்துவதில் கமல்ஹாசனா, விஜய் சேதுபதியா?

கமல்ஹாசன் ஏழு சீசன் செய்தார். சனி, ஞாயிறு அவர் பேசுவதைக் கேட்கவே உட்கார்ந்தவர்கள் உண்டு. வாராவாரம் ஒரு புத்தகம் சொல்வாரே, அதை எழுதி வைத்து நூலகத்தில் தேடிய ஒரு கல்லூரிப் பெண் என்னிடம் சுடிதார் தைக்க வருவாள். சில நேரம் அவர் சுற்றி வளைத்துச் சொன்னது யாருக்கு என்று உள்ளே இருப்பவர்களுக்கே புரியாமல் போனதும் உண்மை. விஜய் சேதுபதி நேராகக் கேட்கிறார், அது நல்லது. ஆனால் பதில் பாதியில் இருக்கும்போதே ‘சரி, உட்காருங்க’ என்று விடும்போது, பயந்து பேசுகிறவர்கள் இன்னும் பயந்துவிடுகிறார்கள். என் ஓட்டு கமலுக்கு.

ரியாலிட்டி ஷோ எல்லாமே ஸ்கிரிப்ட் தானே?

வசனம் எழுதிக் கொடுத்து நடிக்க வைக்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ஒரு நாள் முழுக்க எடுத்ததில் ஒன்றரை மணி நேரம்தான் நமக்கு வருகிறது. எதை வெட்டுவது, எதை வைப்பது என்பதிலேயே கதை வந்துவிடும். துணியும் அப்படித்தான், வெட்டுகிற இடத்தில்தான் உருவம். புரோமோவை நம்பவே நம்பாதீர்கள். முறைத்த முகம் ஒரு நாளைக்குரியது, அந்தப் பேச்சு வேறு நாளைக்குரியது.

குக்கு வித் கோமாளி முன்பு போல் இல்லையா?

இல்லை. இரண்டாவது சீசனை இப்போது போட்டாலும் பார்ப்பேன். சமைக்கத் தெரிந்தவரோடு ஒன்றும் தெரியாத கோமாளியைச் சேர்த்துவிட்டு, கண்ணைக் கட்டிவிட்டாலும் கடைசியில் தட்டில் ஒரு சாப்பாடு வந்தாக வேண்டும். சமையல் நிஜமாக நடந்ததால்தான் சிரிப்பும் நிஜமாக இருந்தது. புகழ், பாலா, சிவாங்கி, மணிமேகலை யாருமே வசனத்தை நம்பி இருக்கவில்லை. கோமாளியாக இருந்த சிவாங்கி நான்காவது சீசனில் சமைக்கிறவராக வந்து நின்றது எனக்குப் பெருமையாக இருந்தது. நடுவராக இருந்த வெங்கடேஷ் பட் போன பிறகு நடுவர் மேஜையின் கண்டிப்பு குறைந்தது, நகைச்சுவைக்கென்று எழுதிய பேச்சு கூடியது. அடுப்பில் என்ன கொதிக்கிறது என்பதையே காட்டுவதில்லை.

குழந்தைகள் பாட்டுப் போட்டி பற்றி?

பாட்டை முழுசாகப் போடுங்கள், அதுதான் என் ஒரே கோரிக்கை. ஜீ தமிழ் ‘சரிகமப லிட்டில் சாம்ப்ஸ்’ மூன்றாவது சீசனை 2023 டிசம்பரில் யாழ்ப்பாணத்துச் சிறுமி கில்மிஷா ஜெயித்தபோது எங்கள் தெருவே கைதட்டியது. அந்தக் குரலுக்காகத்தான் கைதட்டினோம். ஆனால் இந்தப் போட்டிகளில் பாட்டுக்கு முன்னால் குடும்பக் கஷ்டத்தைச் சொல்ல வைத்து, குழந்தை அழுவதையும் அம்மா அழுவதையும் மாற்றி மாற்றிக் காட்டுகிறார்கள். அழுதுவிட்டு உடனே பாடச் சொன்னால் தொண்டை கட்டாதா? எட்டு வயதுப் பிள்ளைக்கு அது வேண்டாம்.

சீரியலில் போட்ட மாதிரி பிளவுஸ் தைத்துத் தருவீர்களா?

தருவேன். போனில் படத்தை நிறுத்திக் காட்டுங்கள், பின் கழுத்தும் கையும் தெரிய வேண்டும். ஆரி வொர்க் என்றால் பதினைந்து நாள் முன்னால் சொல்லுங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: அவர்கள் லைட் வெளிச்சத்தில் அரை மணி நேரம் நிற்பதற்குத் தைத்தது அது. கையைத் தூக்கி அரைக்க, துவைக்க முடியாது. நாள் முழுக்கப் போட வேண்டும் என்றால் அக்குளில் கொஞ்சம் விட்டுத்தான் தைப்பேன்.

ஒரு மாதம் பார்க்கவில்லை. எங்கிருந்து பிடிப்பது?

சனிக்கிழமை எபிசோடிலிருந்து. வாரம் முழுக்க சுற்றியதை அன்றைக்குத்தான் ஒரு முடிச்சில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். விட்டுப்போன மற்ற நாட்களைத் தேடிப் பார்க்க வேண்டியதில்லை. ‘சிறகடிக்க ஆசை’ மட்டும் என்றால் கடைக்கே வந்துவிடுங்கள், அளவு எடுக்கும் நேரத்தில் சொல்லி முடித்துவிடுவேன்.